118-ம் துண்டில் கட்டிய குருத்தோலை

நடந்தவை, வரிசையாக:

1. 2001 ஆகஸ்டில் மேல்படிப்புக்காகத் தூத்துக்குடியிலிருந்து நியூ ஜெர்சி வந்தேன்.
2. 2003-ல் வெஸ்ட் வின்ட்சரில் நில வரைபடங்கள் தயாரிக்கும் ஒரு சின்ன அலுவலகத்தில் சேர்ந்தேன்.
3. 2004-ல் கிழக்கு இந்தோனேசியாவின் ஒரு தீவு மாவட்டம் என் பொறுப்புக்கு வந்தது.
4. 2006 ஏப்ரலில் அங்கிருந்து ஒரு புகைப்படம் வந்தது. அதை என் மேசைத் தடுப்பில் குத்தி வைத்தேன்.
5. அதே ஆண்டு ஜூனில், பேசாத ஒருவர் பேசியதாக ஒன்பது இடங்களில் எழுதினேன்.
6. அக்டோபரில் அவரிடமிருந்து கடிதம் வந்தது.
7. 2008-ல் புதிய செயற்கைக்கோள் படம் வந்தது.
8. 2009 மார்ச்சில் வேலையை விட்டேன். வயது முப்பத்தொன்று.

முப்பத்தொரு வயதில் ஓய்வு பெற்றேன் என்று எழுதினால் சிரிப்பார்கள். ஆனால் அந்தத் தொழிலைப் பொறுத்தவரை அது ஓய்வுதான். இப்போது ஒரு நகராட்சியில் கழிவுநீர்க் குழாய் வரைபடங்களைப் பார்த்துக்கொள்கிறேன். பூட்ஸ் போட்டுக்கொண்டு போய், மூடியைத் திறந்து, குழாய் எந்தப் பக்கம் போகிறது என்று கண்ணால் பார்த்துவிட்டுத்தான் கோடு போடுவேன். கூட வருபவர்கள் பொறுமை இழப்பார்கள். இழக்கட்டும்.

இதை எழுதக் காரணம் காவ்யா. நான் விட்டுவந்த நாற்காலியில் இப்போது அவள் உட்கார்ந்திருக்கிறாள். சென்ற மாதம் ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் ஒரு குழந்தையின் பிறந்தநாள் விருந்தில் பார்த்தோம். தட்டை ஏந்திக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றாள்.

"அக்கா, புது ஃபார்ம்ல மூணாவது கட்டத்தை எடுத்துட்டாங்க. சாஃப்ட்வேரே இப்ப எல்லாத்தையும் கிளாஸிஃபை பண்ணிடுது. எங்களுக்கு நிம்மதி. நீங்கல்லாம் அந்தக் கட்டத்துல அப்படி என்னதான் எழுதுவீங்க?"

கையில் கேக்கோடு நின்று சொல்லக்கூடிய பதில் இல்லை அது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. இரண்டு வருடம், ஒரு ஆய்வேடு, ஒரு கிரெடிட் கார்டு கடன். மேகத்துக்கு அடியில் இருக்கும் நிலத்தைக் கணக்குப் போட்டு ஊகிப்பது எப்படி என்று கற்றுக்கொண்டேன். ஊகிக்கக் கூடாத இடம் எது என்று எந்த வகுப்பிலும் சொல்லித் தரவில்லை.

அலுவலகத்தில் எனக்கு மேலே இருந்தவர் யூசுப் சார். கீழக்கரைக்காரர். அமெரிக்க அலுவலகத்தில் யாரும் யாரையும் சார் என்று கூப்பிடுவதில்லை. நான் மட்டும் கூப்பிட்டேன், அவரும் தடுக்கவில்லை. அவருடைய வாப்பா பினாங்கில் கடை வைத்திருந்ததால் சிறுவயதிலிருந்தே மலாய் பேசுவார். அந்தத் தீவு எங்கள் அலுவலகத்துக்கு வந்ததே அந்த மலாயினால்தான்.

அவர் திரையில் எதையும் நம்பமாட்டார். நான் முடித்த ஒவ்வொரு வரைபடத்தையும் பெரிய தாளில் அச்செடுத்து மேசையில் விரித்து, அதன்மேல் மெல்லிய டிரேசிங் தாளைப் போட்டு, நான்கு மூலைகளிலும் நான்கு டீக்கோப்பைகளை வைப்பார். பிறகு பென்சிலால் ஒவ்வொரு துண்டாகத் தொட்டுக்கொண்டு போவார். சரி என்றால் சின்ன டிக். சந்தேகம் என்றால் பென்சில் அங்கேயே நிற்கும். எதுவும் கேட்கமாட்டார். நிற்கும் பென்சிலைப் பார்த்து நான்தான் பேச ஆரம்பிக்க வேண்டும்.

துண்டு என்றால் வரைபடத்தில் ஒரே மாதிரி நிலத்தைச் சுற்றி நாங்கள் போடும் எல்லை. ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு எண், ஒரு வகை: காடு, சதுப்பு, தோப்பு, பயன்பாடில்லாத நிலம் என்று பதினோரு வகைகள். எந்த வகை என்று தீர்மானிக்க ஒரு படிவம். அதில் மூன்று கட்டங்கள்.

முதல் கட்டத்தில், செயற்கைக்கோள் படத்தில் அந்த இடம் எப்படித் தெரிகிறது என்று எழுத வேண்டும். இரண்டாவதில், தரையிலிருந்து எடுத்த புகைப்படமும் எடுத்த இடத்தின் அளவும். மூன்றாவதில், அங்கே வாழும் ஒருவர் அந்த இடத்தைப் பற்றிச் சொன்னது: அவருடைய வார்த்தைகளிலேயே, அவர் பெயரின் முதல் எழுத்தோடு.

எங்களுக்கு அந்த ஒருவர் பாக் நிக்கோ. 'பாக்' என்பது நம் 'ஐயா' மாதிரி. வடகரையில் ஒரு மீனவக் கிராமத்தின் பள்ளி ஆசிரியர். கிராமத்தில் தொலைபேசி கிடையாது. படகில் ஒரு மணி நேரம் போனால் ஒரு சிறு ஊர். அங்கே வார்டெல் என்ற பொதுத் தொலைபேசிக் கடை. எங்களுக்கு மாலை ஏழு மணி என்றால் அவருக்கு மறுநாள் காலை எட்டு. வியாழக்கிழமைகளில் யூசுப் சார் கூப்பிடுவார், நான் எண்களைப் படிப்பேன், அவர் மலாயில் கேட்பார், பதிலைத் தமிழில் எனக்குச் சொல்வார், நான் ஆங்கிலத்தில் எழுதுவேன்.

முதல் மாதமே ஒரு பாடம். ஆற்றோரமாக அடர்த்தியான ஈர நிலம் ஒன்று. 'சதுப்பு, பயன்பாடில்லை' என்று எழுதியிருந்தேன். பென்சில் நின்றது. அந்த வியாழக்கிழமை பாக் நிக்கோ சொன்னதை யூசுப் சார் திருப்பிச் சொன்னார்: அது சதுப்பு இல்லை, எங்கள் சோறு. சாகு மரங்கள். ஒரு மரத்தை வெட்டி, தண்டின் சோற்றைப் பிழிந்தெடுத்தால் ஒரு குடும்பம் மாதக்கணக்கில் சாப்பிடும். எந்த மரம் யாருடையது என்று அங்கே எல்லோருக்கும் தெரியும்.

"நீ தூத்துக்குடிப் பொண்ணு, மீனைப் பார்த்தா எந்தக் கரையில பிடிச்சதுன்னு சொல்லுவே," என்றார். "தீவைப் பார்த்து சொல்லாதே. கேளு."

அந்தத் தீவை நான் ஒருமுறைகூட மிதித்ததில்லை. ஆனாலும் ஐந்து வருடம் அதற்குள்தான் இருந்தேன். நாங்கள் பயன்படுத்திய அகச்சிவப்புப் படங்களில் பச்சை சிவப்பாகத் தெரியும். எனக்குக் காடு என்றால் இன்னும் சிவப்புதான். நடுவில் எரிமலை, அதன் வாய் கறுப்பு. சரிவில் கிராம்பும் ஜாதிக்காயும் புள்ளி புள்ளியாக. கரையோரம் தென்னை, அதைத் தாண்டி எரிமலைச் சாம்பலால் கறுத்த மணல். ஜன்னலுக்கு வெளியே பார்க்கிங்கில் பனியை வாரிக்கொண்டிருப்பார்கள். நான் உள்ளே ஒரு முதலை ஓடையின் வளைவுகளை எண்ணிக்கொண்டிருப்பேன். இங்கே பக்கத்தில் ஓடும் ராரிடன் ஆறு எங்கே வளைகிறது என்று கேட்டால் இன்றும் எனக்குத் தெரியாது.

விலங்குகளுக்கென்று தானியங்கிக் கேமராக்களும் இருந்தன. காட்டுப் பாதையில் மரத்தில் கட்டிவிட்டால் ஏதாவது அசையும்போது படம் எடுக்கும். ஒரு சுருளில் முப்பத்தாறு படம். அதில் முப்பது காட்டுப்பன்றியின் பின்பக்கமாக இருக்கும். "இதை எண்ணுறதுக்குத்தான் எங்க வாப்பா என்னை அமெரிக்கா அனுப்பினாரு," என்று யூசுப் சார் ஒவ்வொன்றாக எண்ணிக் குறிப்பார். மீதியில் குஸ்குஸ் என்ற மரம் ஏறும் விலங்கு ஒன்று, பெரிய கண்ணோடு, திருடும்போது பிடிபட்டது போல. எப்போதாவது ஒரு இருவாச்சியின் இறக்கை.

ஒரு சுருளில் மமோவா இருந்தது. கோழி அளவுப் பறவை, உடம்புக்குப் பொருந்தாத பெரிய கால்கள். மலைக்காட்டில் வாழ்ந்து, இருட்டில் கடற்கரைக்கு இறங்கி, மணலில் முழங்கை ஆழத்துக்கும் மேலே குழி தோண்டி, ஒரே ஒரு முட்டையிட்டு, மூடிவிட்டுப் போய்விடும். அடைகாக்காது, திரும்பியும் பார்க்காது. மணலின் சூட்டில் பொரித்த குஞ்சு தானே மண்ணைத் துளைத்து வெளியே வந்து, தனியாகக் காட்டுக்குப் போகும். பாக் நிக்கோவின் கிராமத்து மணல் அவற்றுக்கு மிகவும் பிடித்த இடம். கிராமத்தார் முட்டை எடுப்பார்கள், அளவோடு.

அந்த மணலும் அதன் பின்னாலிருந்த தென்னந்தோப்பும் சேர்ந்ததுதான் 118-ம் துண்டு.

இனி அந்த வரைபடம் எதற்கு என்று சொல்ல வேண்டும். தீவில் பாமாயிலுக்கான செம்பனைத் தோட்டம் போட ஒரு நிறுவனம் கேட்டிருந்தது. எங்கள் வாடிக்கையாளர் அதற்குக் கடன் கொடுப்பவர். கிராமத்தார் பயன்படுத்தும் நிலம் எல்லைக்கு வெளியே விடப்படும். 'பயன்பாடில்லாத நிலம்' உள்ளே சேரலாம். எந்தத் துண்டு எந்த வகை என்பதை எங்கள் படிவம் சொல்லும்.

2006 ஏப்ரலில், ஈஸ்டர் நெருங்கும் சமயத்தில், பாக் நிக்கோவின் உறை வந்தது. 118-க்கு இருந்த புகைப்படத்தில் தோப்பின் முகப்பில் இரண்டு கம்புகள், இரண்டிலும் கீறிய தென்னங்குருத்து கட்டித் தொங்கியது. பின்னால் கிராமத்துத் தேவாலயத்தின் வெள்ளைச் சுவர்.

எனக்கு ஒரு நொடிகூட யோசிக்கத் தேவைப்படவில்லை. குருத்தோலை ஞாயிறு. எங்கள் பங்குக் கோயிலில் அதே மாதிரி ஓலையைக் கீறி, கையில் பிடித்துக்கொண்டு ஊர்வலம் போவோம். வீட்டுக்கு வந்ததும் அதைச் சிலுவையாக மடித்துச் சாமி படத்துக்குப் பின்னால் செருகுவாள் அம்மா. ஐந்து வருடமாக ஊரில் அந்த ஞாயிறைப் பார்க்காதவள் நான். 'தேவாலய அலங்காரம், திருவிழா' என்று தலைப்பிட்டு, நிலப் பயன்பாட்டுக்குச் சம்பந்தமில்லாத படங்களின் கோப்பில் சேர்த்தேன். ஒரு பிரதியை மேசைத் தடுப்பில் குத்திவைத்தேன்.

யூசுப் சார் கடந்து போகும்போது நின்று, இது என்ன என்று கேட்டார். "குருத்தோலை ஞாயிறு சார். எங்க ஊர்லயும் இப்படித்தான்," என்றேன். அது என் மதம், என் பண்டிகை. அவர் தலையாட்டிவிட்டுப் போனார்.

ஜூனில் அவருடைய வாப்பா காலமாகி, அவர் மூன்று வாரம் கீழக்கரை போனார். போகும்போது சொன்னது ஒன்றே ஒன்று: "மூணாவது கட்டம் காலியா இருந்தா காலியாவே அனுப்பு. காலியும் ஒரு பதில்தான்." அறிக்கை அனுப்ப வேண்டிய கெடு அந்த மூன்று வாரத்துக்குள் விழுந்தது.

118-ஐ நான் இரண்டு படங்களில் பார்த்திருந்தேன். மற்ற எல்லாம் மேகம். இரண்டிலும் தென்னைக்குக் கீழே புதர் மண்டியிருந்தது. கொப்பரை உலர்த்தும் புகை இல்லை. மணலுக்குப் போகும் ஒற்றையடிப் பாதை மறைந்துபோயிருந்தது. கைவிட்ட தோப்பு எப்படி இருக்குமோ அப்படியே இருந்தது.

நான்கு மாலைகள் வார்டெலைக் கூப்பிட்டேன். கடைக்காரப் பெண் என் அரைகுறை மலாய்க்காக மெதுவாகச் சொன்னாள்: அலை பெரிது, படகு வரவில்லை. வியாழக்கிழமைகளில் கேட்டு முடிக்காமல் காலியாக இருந்த கட்டங்கள், 118 உட்பட, ஒன்பது. வாடிக்கையாளரின் ஆள், காலிக் கட்டம் இருந்தால் அறிக்கை முழுமையாகாது என்று இரண்டு முறை எழுதியிருந்தார். என் ஹெச்-1 விசா நீட்டிப்பு அந்த மாதம் அலுவலகத்தின் கையில் இருந்தது. இதையெல்லாம் காரணமாகச் சொல்லவில்லை. இருந்தவற்றின் பட்டியலாகச் சொல்கிறேன்.

ஐந்தாம் நாள் ஒன்பது கட்டங்களையும் நிரப்பினேன். 118-க்கு எதிரே எழுதியது: 'பயன்பாடு எதுவும் இல்லை. – நி.' அவருடைய பெயரின் எழுத்தை என் கை தட்டச்சு செய்தது. பத்து நிமிட வேலை.

யூசுப் சார் திரும்பி வந்தபோது அறிக்கை போய்விட்டிருந்தது. தாடி வளர்ந்திருந்தது, மெலிந்திருந்தார். ஒன்பதும் கிடைத்ததா என்று கேட்டார். கிடைத்தது என்றேன்.

அவருக்கு இன்னொரு வழக்கம் உண்டு. வேறு எந்த அலுவலகத்திலும் நான் அதைக் கண்டதில்லை. அறிக்கை முடிந்ததும், பேசியவர்கள் சொன்ன பக்கங்களை மலாயில் மாற்றி அவர்களுக்கே ஒரு பிரதி அனுப்புவார். அதையும் அனுப்பினார்.

அக்டோபரில் நீல மையில் எழுதிய கடிதம் வந்தது. என் மேசைக்கு எடுத்துவந்து, நின்றபடியே வரி வரியாகத் தமிழில் சொன்னார். தேர்வுகள் முடிந்தன; மழை நன்றாகப் பெய்கிறது. பிறகு: 118 பற்றி நான் சொன்னதாக எழுதியிருக்கிறது. நான் சொல்லவில்லை. எல்லைக்கல் நட வந்தவர்கள் அந்தத் தாளைக் காட்டினார்கள். எவ்வளவுக்கு விற்றாய் என்று ஊரில் கேட்கிறார்கள். தயவுசெய்து நான் எந்தத் தேதியில் சொன்னேன் என்று தெரிவிக்கவும்.

கடிதத்தை மடித்தார்.

"நிக்கோகிட்ட நீ பேசினியா?"

"இல்லை சார்."

"அப்ப இந்த வரி யாரோடது?"

"என்னோடது."

"எத்தனை கட்டம்?"

"ஒன்பது."

கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் தடுப்பில் இருந்த புகைப்படத்தைக் கழற்றி வெகுநேரம் பார்த்தார். பிறகு, "வியாழக்கிழமை நீயே பேசு. மலாய்ல," என்றார்.

அந்த வாரம் முழுவதும் ஐந்து வாக்கியங்களை மனப்பாடம் செய்தேன். வியாழன் மாலை ஏழு மணிக்கு பாக் நிக்கோ தொலைபேசிக்கு வந்தார். நான் எழுதினேன், நீங்கள் சொல்லவில்லை, தவறு என்னுடையது என்று சொன்னேன். ஏன் என்று கேட்பார் என நினைத்தேன். அவர் கேட்டது வேறு, யூசுப் சார்தான் எனக்குச் சொன்னார்: "புகைப்படம் அனுப்பினேனே, பார்க்கலையாங்கிறாரு."

பார்த்தேன், பண்டிகை என்று நினைத்தேன் என்றேன். உங்கள் ஊரில் அந்த ஓலைக்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். ஆண்டவர் ஊருக்குள் வருகிறார், வரவேற்கிறோம் என்று சொன்னேன். யூசுப் சார் அதை மலாயில் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தேன்.

பதிலை அவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"இங்கே அதுக்கு உள்ளே வராதேன்னு அர்த்தமாம்."

சாசி என்பது அந்த வழக்கத்தின் பெயர். ஒரு தோப்பையோ கரையையோ மூட வேண்டுமென்றால் ஊர் கூடி ஜெபம் செய்து, குருத்தோலை கட்டிவிடுவார்கள். ஓலையை அவிழ்க்கும் நாள்வரை யாரும் ஒரு தேங்காய் பொறுக்கமாட்டார்கள், ஒரு முட்டை எடுக்கமாட்டார்கள், உள்ளே நடக்கக்கூட மாட்டார்கள். வழக்கமாகச் சில மாதங்கள். அந்த முறை மமோவா குறைந்துவிட்டது என்று ஒரு வருடத்துக்கு நீட்டியிருந்தார்கள். புதர் மண்டியதும் பாதை மறைந்ததும் அதனால்தான். ஊரே சேர்ந்து ஒரு வருடம் காத்த இடத்தை நான் கைவிட்ட இடம் என்று எழுதியிருந்தேன். அந்தப் படத்தை பாக் நிக்கோ அனுப்பியதே, இது பயன்பாட்டில் இருக்கிறது என்று காட்டத்தான்.

பிறகு செய்தவை. ஒன்பது துண்டுகளையும் மறுபடி கேட்டுச் சரிபார்த்தேன். எட்டு, நான் இட்டுக்கட்டியது போலவே இருந்தன. 118 மட்டும் தவறு. எட்டு சரியாக இருந்ததை யூசுப் சாரிடம் சொன்னபோது, "அதை ஒரு சமாதானமா நிக்கோகிட்ட சொல்லிடாதே," என்றார். திருத்த அறிக்கையை அவரும் நானும் கையெழுத்திட்டு அனுப்பினோம். எல்லை ஏற்கெனவே அங்கீகரிக்கப்பட்டுவிட்டது, திருத்தம் பின்னிணைப்பாகக் கோப்பில் சேர்க்கப்படும் என்று பதில் வந்தது. மூன்று முறை எழுதினோம். மூன்றாவதற்குப் பதில் வரவில்லை.

கிராமத்துக்கு ஒரு கடிதம் எழுதினோம்: ஆசிரியர் நிக்கோ இதைச் சொல்லவில்லை, எழுதியவள் மெர்லின் என்ற நான். முத்திரை இல்லாத கடிதத்தை அங்கே யாரும் மதிக்கமாட்டார்கள் என்று யூசுப் சார் சொன்னார். எங்கள் அலுவலகத்துக்கு முத்திரையே கிடையாது. அவர் காரை எடுத்துக்கொண்டு எடிசனில் ஒரு கடைக்குப் போய் ரப்பர் முத்திரை ஒன்று செய்துகொண்டு வந்தார். ஊதா மையில், என் பெயருக்குமேல் அழுத்திக் குத்தினார். ஆராதனை முடிந்ததும் அதை வாசித்தார்களாம். சிலர் நம்பினார்கள், சிலர் அமெரிக்காவிலிருந்து ஒரு கடிதம் வரவழைப்பதற்கு எவ்வளவு செலவானது என்று கேட்டார்கள். அடுத்த கல்வியாண்டில் பாக் நிக்கோ மாற்றல் கேட்டு வேறொரு தீவுக்குப் போய்விட்டார். வியாழக்கிழமை அழைப்புகள் நின்றன.

2008-ல் புதிய படம் வந்தது. மேகமே இல்லாத ஒரு படம், அத்தனை வருடங்களில் அவ்வளவு தெளிவாக ஒன்று வந்ததில்லை. சிவப்புக்கு நடுவே, கறுப்பு மணலை ஒட்டி, நேரான ஓரங்களோடு ஒரு சாம்பல் நிறச் செவ்வகம். செம்பனை நாற்றுப்பண்ணை. மணலுக்குக் குறுக்கே கடலுக்குள் நீளும் ஒரு கோடு, படகுத்துறை. அதை வகைப்படுத்தும் வேலையும் என்னுடையதே. இந்த முறை மூன்று கட்டங்களும் முறையாக நிரம்பின. மூன்றாவதில் பண்ணை மேலாளரின் வார்த்தை. வகை: பயன்பாட்டில் உள்ள நிலம்.

யூசுப் சார் அச்சுத்தாளை விரித்தார், கோப்பைகளை வைத்தார். 118-ல் பென்சில் நின்றது. நான் பேசவில்லை. சற்று நேரம் கழித்து டிக் போட்டார். அந்த டிசம்பரில் ஓய்வு பெற்று, மகனோடு இருக்க ஃப்ரீமான்ட் போனார். மூன்று மாதம் கழித்து நானும் விட்டேன்.

காவ்யா, அந்தக் கட்டத்தில் நாங்கள் எழுதியது இதுதான்.

இன்றைய நிலை: நாற்றுப்பண்ணை நடக்கிறது. அந்த மணலுக்கு மமோவா வருகிறதா என்று சொல்ல எங்களுக்கு அங்கே யாரும் இல்லை. பாக் நிக்கோவின் புதிய முகவரிக்கு இரண்டு கடிதம் போட்டேன். ஒன்று திரும்பி வந்தது. யூசுப் சார் பெருநாளுக்குக் கூப்பிடுவார், குழாய் வேலை எப்படி என்று கேட்பார், தீவைப் பற்றிப் பேசமாட்டோம். திருத்த அறிக்கை ஏதோ ஒரு கோப்பில் பின்னிணைப்பாக இருக்கிறது. வாடிக்கையாளரின் இணையதளத்தில் கிடைப்பது முதல் அறிக்கைதான். நேற்றும் திறந்து பார்த்தேன். 118-க்கு எதிரே, மூன்றாவது கட்டத்தில், 'பயன்பாடு எதுவும் இல்லை. – நி.' என்றுதான் இருக்கிறது.